வரி வேண்டாம் என்று சொல்லவில்லை, நியாயம் கேட்கிறோம்

(வீட்டு வரி பற்றி அரியாங்குப்பத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று வீட்டு வரியைப் பற்றிப் பேசப் போகிறேன். இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று சிலர் கேட்கலாம். டில்லியில் போடும் பட்ஜெட்டைப் பற்றிப் பேசினால் அது அரசியல். நம் வீட்டு வாசலுக்கு வரும் நோட்டீசைப் பற்றிப் பேசினால் அது அரசியல் இல்லையா? டில்லி வரி மறைமுகமாக வருகிறது. சோப்பிலும் துணியிலும் ஒளிந்து வருகிறது. வீட்டு வரியோ நம் பெயரைப் போட்டு, நம் கதவு எண்ணைப் போட்டு, நேராக வருகிறது. ஆகவே இதைப் பற்றி நாம்தான் முதலில் பேச வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வரியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தெருவிளக்கு எரிய வேண்டும். சாக்கடை ஓட வேண்டும். குப்பை அள்ள வேண்டும். மழைக்காலத்தில் ஆற்றங்கரைத் தெருக்களில் தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும். இவையெல்லாம் பணக்காரனைவிட ஏழைக்குத்தான் அதிகம் தேவை. பணக்காரன் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு, மோட்டார் உண்டு, போர் உண்டு. நமக்குப் பொதுக் குழாய்தான், பொது விளக்குதான். பொது வசதி வேண்டுமென்றால் பொதுப் பணம் வேண்டும். எனவே கேள்வி, வரி வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. பாரத்தை யார் சுமப்பது, எந்த அளவுகோலால் அளப்பது, முடிவு செய்வது யார்? இந்த மூன்றும்தான் கேள்வி.

நம் கொம்யூனில் யார் யார் இருக்கிறோம்? வீராம்பட்டினத்தில் கடலுக்குப் போகிறவர்கள். அபிஷேகப்பாக்கம், தவளக்குப்பம் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். மணவெளியிலும் காக்காயந்தோப்பிலும் நோணாங்குப்பத்திலும் கட்டட வேலை, கொத்து வேலை, டிரைவர் வேலை பார்க்கிறவர்கள். கடலூர் சாலை ஓரத்தில் டீக்கடை, சைக்கிள் கடை, தையல் கடை வைத்திருப்பவர்கள். மில்லில் உழைத்து ஓய்ந்தவர்கள். இவர்களில் பலருக்கு ஆயுளில் சேர்த்த ஒரே சொத்து, தலைக்கு மேல் இருக்கும் கூரை.

வருமானத்துக்கு வரி போடுகிறவன், உனக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்கிறான். வீட்டு வரி அப்படிக் கேட்பதில்லை. வேலை இருக்கிறதா, கூலி வந்ததா, வீட்டில் நோயாளி உண்டா, எதையும் கேட்பதில்லை. சுவரையும் கூரையையும் மட்டும் பார்க்கிறது. ரோடியர் மில் என்று நம் பெரியவர்கள் சொல்லும் ஏ.எப்.டி. மில் 2020-ல் மூடப்பட்டது. அந்த மில் சம்பளத்தில் ஒருவர் இரண்டு அறை வீடு கட்டியிருந்தால், மில் மூடியதும் சம்பளம் நின்றது. ஆனால் வீடு நிற்கிறது, வரியும் வருகிறது. அந்த வீட்டை அவர் வாடகைக்கு விடவில்லை, விற்கவும் இல்லை. அதில் குடியிருக்கிறார், அவ்வளவுதான். குடியிருக்கும் வீடு சோறு போடாது. இதை உணராத வரி நியாயமான வரி ஆகாது.

வாடகைக்குக் குடியிருப்பவர்களே! எனக்கு என்ன, வீட்டுக்காரர்தானே கட்டுகிறார் என்று நினைத்து விடாதீர்கள். வரி ஏறினால் அடுத்த மாதம் வாடகை ஏறும். ரசீது அவர் பெயரில் இருக்கும், பணம் உங்கள் மடியிலிருந்து போகும்.

இப்போது அளவுகோலைப் பார்ப்போம். உலகத்தில் ஆளுகிறவர்கள் வீட்டுக்கு வரி போட என்னென்னவோ அளவுகோல் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் சொந்த நாட்டில் 1798-ல் ஒரு வரி போட்டார்கள். எதற்குத் தெரியுமா? கதவுக்கும் ஜன்னலுக்கும்! வீட்டில் எத்தனை கதவு, எத்தனை ஜன்னல் என்று எண்ணி வரி. ஏழை என்ன செய்தான்? ஜன்னல் இல்லாமல் வீடு கட்டினான். இருட்டிலும் புழுக்கத்திலும் கிடந்தான். அந்த வரி 1926-ல்தான் எடுபட்டது. இங்கிலாந்திலும் 1696-ல் ஜன்னல் வரி வந்தது. 1851 வரை இருந்தது. அங்கே இருந்த ஜன்னலையே செங்கல் வைத்து அடைத்தார்கள். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வரி போட்ட கதை இது. அளவுகோல் தப்பாக இருந்தால் ஜனங்களின் வாழ்க்கையே கோணலாகிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வரும் அளவுகோல் வாடகை மதிப்பு. அதாவது, இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு எவ்வளவு வரும் என்று அதிகாரி மதிப்புப் போடுவார். அந்த மதிப்பில் இத்தனை சதவிகிதம் வரி. கேட்பதற்கு நியாயம் போல இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆயிற்று? மதிப்புப் போடுகிறவர் கண்ணுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி. அடுத்தடுத்த இரண்டு வீட்டுக்கு இரண்டு விதமான வரி வரலாம். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைக்காது.

இன்னொரு கோளாறும் உண்டு. குண்டூர் முனிசிபாலிடிக்கும் அவ்வூர் வரி செலுத்துவோர் சங்கத்துக்கும் ஒரு வழக்கு நடந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உள்ள நியாய வாடகைக்கு மேல் மதிப்புப் போடக் கூடாது என்று 1970-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. வாடகைக்காரருக்கு அரணாக வந்த சட்டம் அது, நல்ல சட்டம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள். கடைத்தெருவில் பழைய பெரிய கட்டடங்கள் பழைய வாடகை மதிப்பிலேயே நின்றன. ஊருக்கு வெளியே மனை வாங்கிப் புதிதாகச் சின்ன வீடு கட்டியவனுக்குப் புது மதிப்பு. பெரிய கட்டடத்துக்குப் பழைய வரி, சின்ன வீட்டுக்குப் புது வரி. இது தலைகீழ் நியாயம்.

இதற்கு மாற்று இல்லையா? இருக்கிறது. 1993-ல் பாட்னா நகரத்தில் ஒரு புதிய முறை கொண்டு வந்தார்கள். வீடு எந்த மாதிரிச் சாலையில் இருக்கிறது, எந்த மாதிரிக் கட்டடம், எதற்குப் பயன்படுகிறது, எத்தனை சதுர அடி? இந்த நான்கையும் வைத்துக் கணக்கு. 1995-ல் சுப்ரீம் கோர்ட்டும் இந்த முறையை ஏற்றுக்கொண்டது. பிறகு டில்லியில் 2004-லும் பெங்களூரில் 2008-லும் இதே வழியில் போனார்கள். இதில் என்ன நன்மை? நீங்களே டேப்பைப் பிடித்து அளக்கலாம். நீங்களே கணக்குப் போடலாம். பக்கத்து வீட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதிகாரியின் கண் மதிப்புக்கு அங்கே அதிக வேலை இல்லை. எந்த அளவுகோலை ஏழையும் கையில் எடுத்து அளக்க முடியுமோ அதுவே நல்ல அளவுகோல்.

அடுத்து, எல்லோருக்கும் ஒரே சதவிகிதம் உயர்த்தினால் அது சமத்துவம் என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய மதிப்பில் ஒரு பெரிய கட்டடம் ஆயிரம் ரூபாய் கட்டுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். புதிதாகக் கட்டிய சின்ன வீடு எண்ணூறு கட்டுகிறது. ஐம்பது சதவிகிதம் உயர்த்தினால் அது ஆயிரத்து ஐந்நூறு, இது ஆயிரத்து இருநூறு. சமமாகத்தானே உயர்ந்தது என்பார்கள். அடிப்படைக் கணக்கே தப்பு. தப்பை ஒன்றரை மடங்கு ஆக்கினால் அது சரியாகிவிடுமா?

பக்கத்துத் தமிழ்நாட்டில் நடந்ததைப் பார்ப்போம். அங்கே 2018-ல் சொத்து வரியை உயர்த்தினார்கள். ஜனங்கள் கொதித்தார்கள். 2019 நவம்பரில் அந்த உயர்வை நிறுத்தி வைத்தார்கள். ஏன் அப்போது? 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல்! ஓட்டுச் சீட்டு நெருங்கியதும் சர்க்காரின் காது கேட்க ஆரம்பித்தது. பிறகு 2022 பிப்ரவரி 19-ல் நகர உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஏறக்குறைய ஆறு வாரத்தில், ஏப்ரல் தொடக்கத்தில், மறுபடி வரி உயர்வு அறிவிப்பு வந்தது. ஓட்டுப் பெட்டி மூடியதும் காதும் மூடிக்கொண்டது. தேர்தல் அவசியம், ஆனால் தேர்தலோடு நம் வேலை முடிந்து விடுவதில்லை என்பதற்கும் இதுவே பாடம்.

அந்த 2022 உயர்வில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. சென்னை தவிர்த்த ஊர்களில் 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவிகித உயர்வு. 601 முதல் 1,200 வரை 50 சதவிகிதம். 1,201 முதல் 1,800 வரை 75. அதற்கு மேல் 100 சதவிகிதம். சின்ன வீட்டுக்குச் சின்ன உயர்வு, பெரிய வீட்டுக்குப் பெரிய உயர்வு என்ற கொள்கை சரியானது. ஆனால் கடைகளுக்கு என்ன செய்தார்கள்? வணிகக் கட்டடம் என்று ஒரே பட்டியலில் போட்டு 100 சதவிகிதம். எட்டுக்குப் பத்து அடியில் இஸ்திரி போடுகிறவனும் வணிகம். நாலு மாடி ஜவுளி மாளிகையும் வணிகம்! வீட்டுக்குப் படி வைத்தவர்கள் கடைக்கு ஏன் படி வைக்கவில்லை? முதலும் உழைப்பும் தன்னுடையதாக, தன் கையால் தொழில் செய்து பிழைக்கிறவனை முதலாளியோடு சேர்த்துக் கட்டுவது அநியாயம்.

அது மட்டுமல்ல. சென்னையில் 1998-க்குப் பிறகும் மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் பொதுச் சீராய்வே நடக்கவில்லை என்பதுதான் அந்த உயர்வுக்குச் சொன்ன காரணம். இத்தனை வருஷம் தூங்கிவிட்டு ஒரே நாளில் எழுந்து பாய்ந்தால் யார் தாங்குவது? பிறகு 2024-ல் வருஷாந்தர உயர்வு என்று 6 சதவிகிதம் ஏற்றினார்கள். கூலி ஏறாத வருஷத்திலும் வரி ஏறும் என்றால், அதற்கு ஒரு வரம்பு வேண்டாமா?

சின்ன வீட்டுக்கு வரியே இல்லாமல் செய்ய முடியுமா? முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். கேரளத்தில் 2023-ல் 60 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 645 சதுர அடி வரை உள்ள, சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குச் சொத்து வரி விலக்கு என்று முடிவு செய்தார்கள். மும்பையில் 500 சதுர அடி வரை உள்ள வீடுகளுக்கு 2022-ல் விலக்கு வந்தது. மும்பை முதலாளிகளின் நகரம். அங்கேயே முடிகிறது என்றால் அரியாங்குப்பத்தில் ஏன் முடியாது?

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. சலுகை என்ற பெயரில் எல்லோருக்கும் வரியைக் குறை என்று கேட்பது நமக்கு நல்லதல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் 1978-ல் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. வயதானவர்கள் வரி கட்ட முடியாமல் வீட்டை இழக்கிறார்கள் என்று சொல்லி, சொத்து வரி ஒரு சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது, கை மாறும் வரை மதிப்பு வருஷத்துக்கு 2 சதவிகிதத்துக்கு மேல் உயரக் கூடாது என்று சட்டம் செய்தார்கள். வீட்டுக்காரருக்கு லாபம்தான். ஆனால் கூடவே பெரிய கம்பெனிகளின் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் அதே வரம்பு கிடைத்தது. கம்பெனி சொத்து பல பத்தாண்டுகள் கை மாறுவதில்லை. புதிதாக வீடு வாங்கும் தொழிலாளிக்குப் புது மதிப்பு, கம்பெனிக்குப் பழைய மதிப்பு. ஏழையின் கண்ணீரைக் காட்டிப் பணக்காரன் சலுகை வாங்கிக்கொண்ட கதை இது. 2020-ல் இதை மாற்றக் கொண்டு வந்த தீர்மானமும் வாக்கெடுப்பில் தோற்றது. ஆகவே சலுகை யாருக்கு என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: குடியிருக்கும் சின்ன வீட்டுக்கு, தானே உழைக்கும் சின்னக் கடைக்கு.

அப்படியானால் பஞ்சாயத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? நியாயமான கேள்வி. பதில் இருக்கிறது. மத்திய சர்க்காரின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே என்ன சொன்னது? பெங்களூரும் ஜெய்ப்பூரும் வசூலிக்கக்கூடிய சொத்து வரியில் 5 முதல் 20 சதவிகிதம்தான் வசூலிக்கின்றன என்று சொன்னது. மிச்சம் எங்கே? பதிவேட்டில் ஏறாத கட்டடங்கள், பழைய மதிப்பில் ஒளிந்திருக்கும் கட்டடங்கள், வீடு என்று எழுதி வியாபாரம் நடக்கும் கட்டடங்கள். வசூலிப்பவர்களுக்குச் சின்னவனின் கதவைத் தட்டுவது சுலபம். பெரிய கேட்டுக்கு முன்னால் காவல்காரன் நிற்கிறான். இந்த ஓட்டைகளை அடைத்தாலே சின்ன வீட்டுக்குக் கொடுக்கும் விலக்கை ஈடு கட்டலாம். மத்திய சர்க்கார் கட்டடங்களுக்கு அரசியல் சட்டத்தின் 285-வது பிரிவு வரிவிலக்குத் தருகிறது. ஆனாலும் விளக்குக்கும் சாக்கடைக்கும் சேவைக் கட்டணம் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. அது முறையாக வருகிறதா என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு.

புதுச்சேரிக்கு இன்னொரு குறையும் இருக்கிறது. 15-வது நிதிக் கமிஷன் 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகளுக்கு என்று 4,36,361 கோடி ரூபாய் சிபாரிசு செய்தது. அது மாநிலங்களுக்கு. நாம் யூனியன் பிரதேசம். அந்தப் பந்தியில் நமக்கு இலை இல்லை. அங்கே வர வேண்டியது வரவில்லை என்பதற்காகக் கூலிக்காரன் வீட்டு உலையில் கை வைக்கக் கூடாது.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். முடிவு செய்வது யார்? எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

இந்த மண்ணில் கொம்யூன் என்பது நேற்று வந்ததல்ல. 1880-ல் பிரெஞ்சு ஆட்சியில் முனிசிபல் சபைகள் ஏற்பட்டன. 1907-ல் புதுச்சேரிப் பகுதியில் எட்டு கொம்யூன்கள் ஆயின. அரியாங்குப்பம் அவற்றில் ஒன்று. 1954 அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் என்ன நடந்தது? இந்தியாவோடு சேருவதா வேண்டாமா என்று ஓட்டெடுத்தார்கள். ஓட்டுப் போட்டவர்கள் யார்? பிரதிநிதி சபை அங்கத்தினர்களும் கொம்யூன் சபை அங்கத்தினர்களும். மொத்தம் 178 பேர். 170 பேர் சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். ஒரு தேசத்தின் தலைவிதியையே கொம்யூன் அங்கத்தினர்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானித்தார்கள்!

பிறகு என்ன ஆயிற்று? 1968-ல் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் எப்போது? 2006-ல்! முப்பத்தெட்டு வருஷம்! அப்போது தேர்ந்தெடுத்த சபைகளின் காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேர்தல் அறிவித்தார்கள்; இட ஒதுக்கீடு பற்றிய வழக்கில் சிக்கி அது நின்று போனது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல் நடத்தியே தீர வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 73, 74-வது திருத்தங்கள் 1993 முதல் சொல்கின்றன. ஐந்து முனிசிபாலிடிகள், பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகள், பல கிராமப் பஞ்சாயத்துகள் கொண்ட இந்தப் பிரதேசத்தில், 2011-க்குப் பிறகு பத்தாண்டுக்கு மேலாக ஸ்தல ஸ்தாபனங்களை நடத்தியது யார்? அதிகாரிகள். அவர்களில் நல்லவர்கள் இருக்கலாம். ஆனால் அவர்களை நாம் அனுப்பவில்லை. திருப்பி அழைக்கவும் முடியாது. 1954-ல் நாட்டையே தீர்மானிக்கத் தகுதி பெற்ற கொம்யூனுக்கு, ஒரு சாக்கடையின் செலவைத் தீர்மானிக்கத் தகுதி இல்லையா?

வரியை ஜனங்களைக் கேட்காமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பழைய சரித்திரம் உண்டு. 1810-ல் கிழக்கிந்தியக் கம்பெனி காசி நகரத்தில் வீட்டு வரி போட்டது. ஜனங்கள் கடையை அடைத்தார்கள். கொல்லரும் நெசவாளரும் தொழிலை நிறுத்தினார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே திறந்த வெளியில் போய் உட்கார்ந்தார்கள். பட்டாளம் வைத்திருந்த கம்பெனி, கடைசியில் அந்த வரியைக் கைவிட்டது. அவர்களுக்கு ஓட்டு இல்லை. அதனால் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. நமக்கு ஓட்டு இருக்கிறது என்று சட்டம் சொல்கிறது. அந்த ஓட்டைப் போடப் பெட்டி வை என்று கேட்கிறோம்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

1. ஒவ்வொரு கட்டடத்தின் அளவு, பயன்பாடு, வரி ஆகியவற்றைக் காட்டும் பட்டியல் கொம்யூன் அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்கப்பட வேண்டும்.

2. குடும்பத்துக்கு ஒரு வீடு, சொந்தமாகக் குடியிருக்கும் சின்ன வீடு என்றால் அதற்கு வரிவிலக்கு வேண்டும்.

3. தானே உழைக்கும் சின்னக் கடைக்கும் பட்டறைக்கும் தனிப் படி வேண்டும். பெரிய வணிகக் கட்டடத்தோடு சேர்க்கக் கூடாது.

4. பதிவேட்டில் ஏறாத பெரிய கட்டடங்களை ஏற்ற வேண்டும். பழைய மதிப்பில் நிற்கும் பெரிய கட்டடங்களை மறுபடி மதிப்பிட வேண்டும்.

5. உயர்வு வந்தால் சிறு சிறு படிகளாக வர வேண்டும். வேலை இழந்தவருக்குத் தவணையும் அவகாசமும் வேண்டும்.

6. வசூலித்த பணம் எந்தத் தெருவுக்கு எவ்வளவு செலவானது என்ற கணக்கு வருஷத்துக்கு ஒரு முறை ஊர்க் கூட்டத்தில் படிக்கப்பட வேண்டும்.

7. கொம்யூன், கிராமப் பஞ்சாயத்துத் தேர்தல் தாமதமில்லாமல் நடக்க வேண்டும்.

கோரிக்கையைக் கேட்டுக் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் ஒன்றும் நடக்காது. நாளைக்கே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் வரி ரசீதை எடுத்து வையுங்கள். வீட்டை அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். தெருவில் பத்து வீட்டு ரசீதுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அநியாயம் தானாகவே கண்ணில் படும். நோட்டீஸ் வந்தால் அதில் குறித்த கெடுவுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்ன ஆட்சேபணை காற்றோடு போகும். 2005-ம் வருஷத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, உங்கள் வீட்டுக்கு எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று எழுதிக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்குத் தெருவில் படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுக்க வேண்டும். தெருவுக்கு ஒரு கமிட்டி அமையுங்கள். அதில் பெண்கள் கட்டாயம் இருக்கட்டும். குழாயில் தண்ணீர் வராததும் விளக்கு எரியாததும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

வரி கட்டுகிறவன் பிச்சைக்காரன் அல்ல. அவன் கொடுக்கிற பணத்தில்தான் அலுவலகத்து விளக்கே எரிகிறது. கட்ட வேண்டிய நியாயமான வரியைக் கட்டுவோம். கணக்கைக் கேட்போம். நம் கொம்யூனை நாமே நடத்தும் உரிமையைத் திரும்பப் பெறுவோம்!